ஜெர்மன் குடும்பப் பெயரின் வேரைத் தேட: எங்கே தொடங்குவது, எதற்கு எவ்வளவு, எங்கே இடறும்

திருமணம் வழியாகவோ பிறப்பாலோ ஒரு ஜெர்மன் குடும்பப் பெயர் உங்கள் வீட்டுக்குள் வந்திருக்கிறது. அது எங்கிருந்து வந்தது, என்ன பொருள் என்று அறிய ஆசை. பெரும்பாலோர் முதலில் செய்வது பெயரைத் தேடுபொறியில் போட்டுப் பார்ப்பது. ஐந்து நிமிடத்தில் ஒரு பொருள் கிடைக்கும், ஒரு கேடயச் சின்னம் கிடைக்கும், ‘முன்னோர் பிரபுக்கள்’ என்று ஒரு கதையும் கிடைக்கும். மூன்றையும் ஓரமாக வையுங்கள். ஒரே ஜெர்மன் பெயர் தொடர்பே இல்லாத பத்து ஊர்களில் தனித்தனியாகத் தோன்றியிருக்கும். உங்கள் கிளை எந்த ஊர்க்காரர்கள் என்று தெரியாதவரை எந்தப் பொருளையும் நம்ப வழியில்லை. ஆகவே முதலில் ஊர், அடுத்து பதிவேடு, கடைசியில்தான் பொருள். இந்த வரிசையை மாற்றினால் பணமும் மாதங்களும் வீணாகும்.

1. ஊர்ப் பெயரைப் பிடியுங்கள்

‘ஜெர்மனி’ போதாது, ‘பவேரியா’வும் போதாது. தேவாலயம் இருந்த கிராமத்தின் பெயர் வேண்டும். வீட்டிலேயே தேட வேண்டியவை: திருமணத்தின்போது தரப்படும் ‘ஃபமீலியன்ஷ்டம்பூஹ்’ என்ற குடும்பப் பதிவுக் கோப்பு, பழைய பள்ளிச் சான்றுகள், ராணுவ அடையாளப் புத்தகம், பைபிளின் முன்பக்கக் குறிப்புகள். பாட்டி தாத்தா 1930-களில் வாழ்ந்தவர்கள் என்றால் ‘ஆனன்பாஸ்’ என்ற சிறு புத்தகம் இருக்கலாம். நாஜி ஆட்சி வம்சத்தை நிரூபிக்கச் சொல்லி வாங்க வைத்த புத்தகம் அது. நோக்கம் கொடியது, ஆனால் ஒவ்வொரு முன்னோரின் பிறந்த ஊரும் பதிவு எண்ணும் முத்திரையோடு உள்ளே இருக்கும், இன்று தேடுபவருக்கு அது பொக்கிஷம்.

குடும்பம் அமெரிக்காவுக்குக் கப்பலேறியிருந்தால் ஹாம்பர்க் பயணிகள் பட்டியலைப் பாருங்கள். 1850 முதல் 1934 வரை உள்ளது, கடைசியாக வாழ்ந்த ஊரையும் சொல்லும். ப்ரேமன் துறைமுகப் பட்டியல்களில் 1920 முதல் 1939 வரையானவை மட்டுமே மிஞ்சியுள்ளன. அதற்கு முந்தையதைத் தேடித் தருகிறேன் என்று யாராவது பணம் கேட்டால் கொடுக்காதீர்கள்.

ஊர் கிடைத்ததும் அது எந்த ஊர் என்று உறுதி செய்ய வேண்டும். ‘நாய்ஷ்டட்’ என்ற பெயரில் மட்டும் டஜன் கணக்கில் ஊர்கள் உண்டு. ‘மேயர்ஸ்’ ஊர் அகராதியின் 1912-ஆம் ஆண்டுப் பதிப்பு இணையத்தில் இலவசம். அன்றைய ஜெர்மன் பேரரசின் ஊர்களுக்கு எந்தப் பதிவு அலுவலகம், எந்த மதப் பிரிவின் தேவாலயம் என்று அதில் குறித்திருக்கும். சின்னக் கிராமத்துக்குச் சொந்தத் தேவாலயம் இராது. பதிவேடு பக்கத்துக் கிராமத்தில் கிடக்கும். இதைப் பார்க்காமல் விண்ணப்பித்துவிட்டு ‘பதிவு இல்லை’ என்ற பதிலோடு திரும்பியவர்கள் ஏராளம்.

2. எழுத்து வேறுபாடுகளைப் பட்டியலிடுங்கள்

19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி வரை பெயர் எழுதுவதற்கு நிலையான முறை கிடையாது. பாதிரியார் காதில் விழுந்ததை எழுதினார். ஒரே ஆளின் ஞானஸ்நானத்தில் ஒரு எழுத்து, கல்யாணத்தில் வேறு எழுத்து என்பது சாதாரணம். தேடத் தொடங்கும் முன் ஒரு தாளில் எல்லா வடிவங்களையும் எழுதிக்கொள்ளுங்கள்:

– புள்ளி வைத்த உயிரெழுத்துகள். தென்மேற்கிலும் மத்தியப் பகுதிகளிலும் ‘யூ’ ஒலி ‘ஈ’ ஆகிவிடும்: ம்யூலர் மில்லர் ஆகும், க்யூஃபர் கீஃபர் ஆகும்.
– b-யும் p-யும், d-யும் t-யும் போல வல்லொலி மெல்லொலி இடம் மாறும்: டீட்ஸ் (Dietz), தீட்ஸ் (Tietz) இரண்டும் ஒரே குடும்பமாக இருக்கலாம்.
– கடல் கடந்ததும் ஆங்கில வேடம்: ஹூபர் ஹூவர் ஆனது, ஐசன்ஹவுவர் ஐசன்ஹோவர் ஆனது. மொழிபெயர்த்துக் கொண்டவர்களும் உண்டு: ட்ஸிம்மர்மான் கார்பென்டர் ஆகிவிடும், ஷ்வார்ட்ஸ் பிளாக் ஆகிவிடும்.
– படித்தவர்களின் லத்தீன், கிரேக்க மாற்றம்: ஷ்னைடர் ‘ஸார்டோரியுஸ்’ ஆவார், நாய்மான் ‘நேயாண்டர்’ ஆவார். ஆதிமனிதனின் எலும்பு கிடைத்த நேயாண்டர் பள்ளத்தாக்குக்குப் பெயர் தந்த பாடலாசிரியரின் குடும்பமும் முதலில் நாய்மான்தான்.

பெண்கள் பெயரில் ஒரு பொறி இருக்கிறது. 18-ஆம் நூற்றாண்டுத் தேவாலயப் பதிவுகளில் பெண்ணின் குடும்பப் பெயரோடு ‘இன்’ சேர்ப்பார்கள். ‘ப்யூட்னரின்’ என்று இருந்தால் குடும்பப் பெயர் ப்யூட்னர். ‘ப்யூட்னரின்’ என்றே ஒரு பெயர் இருப்பதாக எண்ணித் தரவுத்தளத்தில் ஏற்றி வைத்திருக்கிறார்கள் பலர். அதையே மற்றவர்கள் நகலெடுக்கிறார்கள்.

3. பரவல் வரைபடம்: உதவும், ஏமாற்றவும் செய்யும்

மைன்ட்ஸ் நகர அகாதமியின் எண்முறைக் குடும்பப் பெயர் அகராதி இணையத்தில் இலவசம். பெயரின் பொருளோடு பரவல் வரைபடமும் தருகிறது. பெயர் அடர்ந்திருக்கும் மாவட்டம் தெரிந்தால் தேடும் பரப்பு சுருங்கும்.

பீப்பாய் செய்பவரை எடுத்துக்கொள்ளுங்கள். வடக்கிலும் கிழக்கிலும் பெட்ஷர், கீழ்ஜெர்மன் பேசும் வடமேற்கில் பெடெகர், ஃப்ராங்கன் பகுதியில் ப்யூட்னர், தென்மேற்கில் க்யூஃபர், கொலோன் பக்கம் ஃபாஸ்பெண்டர், பவேரியாவிலும் ஆஸ்திரியாவிலும் பிண்டர், ம்யூனிக் வட்டாரத்தில் ஷெஃப்லர். தொழில் ஒன்று, பெயர் ஏழு. பெயரைக் கேட்டாலே பகுதியை ஊகிக்கலாம். ‘லெ’ என முடிந்தால் ஷ்வாபியா, ‘லி’ என்றால் சுவிட்சர்லாந்து, ‘ஸன்’ என்றால் ஷ்லெஸ்விக் பக்கம், ‘ஓ’ என்று ஒலித்து எழுத்தில் மட்டும் ‘டபிள்யூ’ நின்றால் மெக்லென்பர்க், ப்ராண்டன்பர்க் பகுதியின் ஸ்லாவிய ஊர்ப் பெயர்.

ஏமாற்றும் இடம் இது: இன்றைய வரைபடங்கள் தொலைபேசிப் பதிவுகளிலிருந்து செய்தவை. 1945-க்குப் பிறகு கிழக்குப் பகுதிகளிலிருந்து சுமார் 1.2 கோடி ஜெர்மானியர்கள் வெளியேற்றப்பட்டு மேற்கெங்கும் சிதறினார்கள். ஷ்லீசியாவின் பெயர் இன்று லோயர் சாக்ஸனியில் அடர்த்தியாகத் தெரியும். இதைச் சரிபார்க்க முதல் உலகப் போரின் இழப்புப் பட்டியலைப் பயன்படுத்துங்கள். கணினி வம்சாவளிச் சங்கத்தின் தன்னார்வலர்கள் அதை முழுவதும் தட்டச்சு செய்து இலவசமாக வைத்திருக்கிறார்கள். பல லட்சம் வீரர்களின் பெயரோடு சொந்த ஊர் இருக்கும். 1914-ல் பெயர் எங்கே இருந்தது என்பதுதான் உங்களுக்கு வேண்டிய படம்.

4. பதிவு அலுவலகம்: எதை எப்படிக் கேட்பது

ஜெர்மனியின் குடிமைப் பதிவு அலுவலகம் ‘ஷ்டாண்டெஸாம்ட்’. பேரரசின் மிகப் பெரிய அரசான ப்ரஷ்யாவில் 1874 அக்டோபர் 1 முதல், பேரரசு முழுவதும் 1876 ஜனவரி 1 முதல் பதிவு உண்டு. ரைன் நதியின் இடக்கரையில் பிரெஞ்சு ஆட்சி 1798-லேயே பதிவைத் தொடங்கிவிட்டதால் அங்கே கூடுதலாக முக்கால் நூற்றாண்டு கிடைக்கும். ஆனால் தொடக்கப் பதிவுகள் பிரெஞ்சிலும் பிரெஞ்சுப் புரட்சி அரசின் தனி நாட்காட்டியிலும் இருக்கும்.

எண்கள் மூன்றை மனதில் வையுங்கள்: பிறப்பு 110 ஆண்டு, திருமணம் 80, இறப்பு 30. அந்தக் காலம் கடந்த பதிவு ஆவணக் காப்பகத்துக்குப் போய்விடும், யாரும் பார்க்கலாம். கடக்காத பதிவை அந்த நபர், துணை, நேர் முன்னோர், நேர் வழித்தோன்றல் கேட்டால் தருவார்கள். உடன்பிறந்தவருக்கு பிறப்பு, இறப்புப் பதிவுகளில் தனிச் சலுகை உண்டு. சித்தப்பா மகன் என்ற உறவு போதாது. ஆகவே முதலில் 30 ஆண்டைத் தாண்டிய இறப்புப் பதிவிலிருந்து தொடங்குவது புத்திசாலித்தனம்: அதில் பிறந்த ஊரும் பெரும்பாலும் பெற்றோர் பெயரும் இருக்கும்.

அனுப்ப வேண்டியவை: கடவுச்சீட்டு நகல், உங்களிடமிருந்து அந்த முன்னோர்வரை ஒவ்வொரு கண்ணியையும் காட்டும் பிறப்பு, திருமணச் சான்று நகல்கள், ஜெர்மனில் எழுதிய ஒரு பக்கக் கடிதம். சங்கிலியில் இந்தியச் சான்று ஏதாவது தமிழில் மட்டும் இருந்தால் உறுதிமொழி பெற்ற மொழிபெயர்ப்பாளரின் ஜெர்மன் மொழிபெயர்ப்பு கேட்பார்கள். அப்போஸ்டில் என்ற பன்னாட்டுச் சான்று முத்திரை இந்த வேலைக்குப் பொதுவாகத் தேவைப்படாது. கேட்காமலே செலவழிக்க வேண்டாம்.

கடிதத்தில் ‘பிறப்புச் சான்று’ என்று மட்டும் கேட்காதீர்கள். சான்று என்பது சுருக்கம். நீங்கள் கேட்க வேண்டியது பதிவேட்டுப் பக்கத்தின் சான்றளித்த நகல், ஜெர்மனில் ‘பெக்லாபிக்டெ அப்லிஷ்டுங்’. பெயர் மாற்றம், தத்து, பெற்றோர் பின்னால் மணந்துகொண்டது, விவாகரத்து எல்லாம் பக்கத்தின் ஓரத்தில் குறித்திருப்பார்கள். சுருக்கச் சான்றில் அவை வராது. குடும்பப் பெயரின் வரலாற்றைத் தேடுபவருக்கு அந்த ஓரக்குறிப்புதான் முக்கியம். திருமணப் பதிவு கேட்கும்போது ‘ஸம்மல்அக்டன்’ என்ற இணைப்புக் கோப்பும் இருக்கிறதா என்று ஒரு வரி சேருங்கள். மணமக்கள் அன்று கொடுத்த ஆவணங்கள் அதில் தைத்து வைத்திருக்கும். பாதி நேரம் அழிந்திருக்கும், இருந்தால் ஒரு தலைமுறை இலவசமாகக் கிடைத்த மாதிரி.

கட்டணம் மாநிலத்துக்கு மாநிலம் மாறும். ஒரு நகலுக்குப் பெரும்பாலும் 10 முதல் 20 யூரோ; சரியான தேதி தராமல் தேடச் சொன்னால் செலவழித்த நேரத்துக்குத் தனிக் கட்டணம். மூன்று தலைமுறைக்கு பிறப்பும் திருமணமும் சேர்த்து ஆறு நகல் என்றால் 60 முதல் 120 யூரோ ஒதுக்குங்கள். பதில் வர நான்கு முதல் பன்னிரண்டு வாரம். போலந்து, ரஷ்யாவுக்குப் போய்விட்ட பழைய கிழக்குப் பகுதிப் பதிவுகளில் ஜெர்மனியில் மிஞ்சியவை பெர்லினின் ஒன்றாம் எண் பதிவு அலுவலகத்தில் உள்ளன. அங்கே மாதக் கணக்கில் காத்திருக்கத் தயாராக இருங்கள். நூறாண்டு கடந்தவை போலந்து அரசு ஆவணக் காப்பகங்களில். ஏராளமான பக்கங்கள் இணையத்தில் இலவசமாக வந்துவிட்டன.

பணம் கட்டும் இடத்தில்தான் இந்தியாவிலிருந்து விண்ணப்பிப்பவர்கள் மாட்டிக்கொள்கிறார்கள். வங்கிப் பரிமாற்றம்தான் கேட்பார்கள், காசோலை செல்லாது. 12 யூரோ அனுப்ப 20 யூரோ வங்கிக் கட்டணம் ஆகலாம். ஒரே அலுவலகத்துக்கான கோரிக்கைகளை ஒன்றாகச் சேர்த்து அனுப்புங்கள், அல்லது யூரோ நாட்டில் இருக்கும் உறவினரைக் கட்டச் சொல்லுங்கள். பில்லில் ‘காஸன்ட்ஸைஷன்’ என்று ஒரு எண் இருக்கும். அதைப் பரிமாற்றக் குறிப்பில் எழுதாவிட்டால் பணம் யாருடையது என்று தெரியாமல் கிடக்கும், விண்ணப்பமும் கிடக்கும்.

5. தேவாலயப் பதிவேடுகள்

ரைன் இடக்கரை போன்ற இடங்கள் நீங்கலாக, 1874-க்கு முன்னால் போக ‘கிர்ஷன்பூஹ்’ என்ற தேவாலயப் பதிவேடு தவிர வழியில்லை. புராட்டஸ்டண்ட் குடும்பம் என்றால் ‘ஆர்கியோன்’ தளம், கட்டணம் உண்டு, ஒரு மாதச் சந்தா சுமார் 20 யூரோ. கத்தோலிக்கக் குடும்பம் என்றால் ‘மட்ரிகுலா’, முழுவதும் இலவசம். பாஸாவ், ம்யூன்ஸ்டர், பாடர்போர்ன், ஹில்டஸ்ஹைம் மறைமாவட்டங்களும் ஆஸ்திரியாவின் பெரும்பகுதியும் அதில் உள்ளன. ‘ஃபேமிலிசர்ச்’ தளத்திலும் தேடுங்கள், இலவசம். சில படங்கள் அவர்களுடைய மையங்களில் மட்டும் திறக்கும். ஆர்கியோனுக்குச் சந்தா கட்டும் முன் உங்கள் ஊரின் பதிவேடு படமாக ஏறியிருக்கிறதா என்று பட்டியலில் பாருங்கள். பட்டியலைப் பார்க்கப் பணம் வேண்டாம். விடுமுறையில் நேரம் இருக்கும் மாதத்தில் சந்தா கட்டி ஒரேயடியாக உட்கார்ந்து முடிப்பது சிக்கனம்.

பல ஊர்களில் முப்பதாண்டுப் போரில் (1618–1648) பதிவேடுகள் எரிந்துபோயின. 1650-க்கு முன் ஒரு வரி கிடைத்தாலே அதிர்ஷ்டம். பதிவேடு பின்னாளில் எரிந்துபோன ஊராக இருந்தால் இரண்டாம் படி இருக்கிறதா என்று கேளுங்கள். ப்ரஷ்யாவில் 1794 முதல் நீதிமன்றத்துக்கு ஒரு படி கொடுத்தாக வேண்டும்.

6. கையெழுத்தைப் படிப்பது

இங்கேதான் பலர் கைவிடுகிறார்கள். ‘குரென்ட்’ என்ற பழைய ஜெர்மன் கையெழுத்து இன்றைய ஜெர்மானியர்களுக்கே புரியாது. இரண்டு வாரம் தினம் அரை மணி எழுதிப் பழகுங்கள். கண்ணால் படிப்பதைவிடக் கையால் எழுதினால் சீக்கிரம் பிடிபடும். அதில் ‘ஈ’ (e) என்ற எழுத்து ‘என்’ (n) போல இருக்கும், ‘யூ’ (u) எழுத்தைக் காட்ட மேலே ஒரு சின்ன வளைவு போடுவார்கள். அந்த வளைவைக் கவனிக்காவிட்டால் ஹூன் என்ற பெயர் ஹான் ஆகிவிடும். ‘டிரான்ஸ்க்ரிபஸ்’ என்ற மென்பொருள் படத்தை எழுத்தாக்கித் தரும், குறிப்பிட்ட அளவு இலவசம். ஊர், ஆள் பெயர்களில் அது நிறையத் தவறும். நமக்கு வேண்டியது அவைதான் என்பதால் வரிக்கு வரி சரிபார்க்க வேண்டும்.

ஒரு ஞானஸ்நான வரியில் என்னென்ன வரும் என்று பாருங்கள்: தேதி, ‘7பெர்’, தந்தை பெயர், ‘டோலியேட்டர்’, தாய் பெயர், ‘இன்’ முடிவோடு, பிள்ளை ‘யோஹான் கேயோர்க்’, ஞானப்பெற்றோர் இருவர். ‘7பெர்’ ஏழாம் மாதம் ஜூலை என்று நினைத்தால் தவறு. லத்தீனில் ஏழு ‘செப்டெம்’, அது செப்டம்பர். அதே கணக்கில் 8 அக்டோபர், 9 நவம்பர், எக்ஸ் என்றால் டிசம்பர். ‘டோலியேட்டர்’ என்பது பீப்பாய் செய்பவரின் லத்தீன் தொழில் பெயர். குடும்பப் பெயரும் ப்யூட்னர், தொழிலும் அதுவே என்றால் அது ஒரு நல்ல அறிகுறி. ஆனால் 1700-ல் ப்யூட்னர் என்ற பெயர் கொண்டவர் செருப்புத் தைத்துக்கொண்டிருப்பதும் சகஜம், பெயர் அதற்குள் 300 ஆண்டுப் பழசாகிவிட்டது. ‘யோஹான்’ என்பது அலங்காரம். அண்ணன் தம்பி நால்வரும் யோஹான்தான். வீட்டில் கூப்பிட்ட பெயர் இரண்டாவது, இங்கே கேயோர்க். அடுத்த பதிவில் அவர் வெறும் கேயோர்க் என்று வந்தால் வேறு ஆள் என்று விட்டுவிடாதீர்கள். ஞானப்பெற்றோர் பெயரையும் எழுதி வையுங்கள். பெரும்பாலும் தாய்மாமனோ அத்தையோ, அவர்கள் ஊரைச் சொன்னால் குடும்பம் எங்கிருந்து வந்தது என்று தெரியும்.

தேதியில் இன்னொன்று: புராட்டஸ்டண்ட் பகுதிகள் புதிய நாட்காட்டிக்கு மாறியது 1700-ல், பிப்ரவரி 18-க்கு அடுத்த நாள் மார்ச் 1. அதற்கு முன் பக்கத்துக் கத்தோலிக்க ஊரோடு பத்து நாள் வித்தியாசம் இருக்கும். ஞானஸ்நானம் பிறப்புக்கு முன்னால் நடந்ததாகத் தெரிந்தால் இதைச் சந்தேகப்படுங்கள்.

7. பெயர் மாறும் இடங்கள்

தந்தை பெயரிலிருந்து மகன் பெயர் திடீரென்று வேறாக இருந்தால் தப்பான குடும்பத்தில் நுழைந்துவிட்டோம் என்று பதறாதீர்கள். வெஸ்ட்ஃபாலியாவிலும் லோயர் சாக்ஸனியின் சில பகுதிகளிலும் பெயர் பண்ணையுடையது. வீட்டோடு மாப்பிள்ளையாகப் போனவர் பண்ணைப் பெயரை ஏற்பார், பிள்ளைகளும் அப்படியே. பதிவில் ‘கெனண்ட்’ என்ற சொல் வந்தால் ‘என்றழைக்கப்படும்’ என்று பொருள். இரண்டு பெயரையும் குறித்துக்கொள்ளுங்கள்.

ஷ்லெஸ்விக் பகுதியில் 1771 ஆணை வரும்வரை, கிழக்கு ஃப்ரீஸ்லாந்தில் 1811 வரை, நம் இனிஷியல் முறை மாதிரிதான்: பீட்டரின் மகன் யான் பீட்டர்ஸன், யானின் மகன் ஹான்ஸ் யான்ஸன். நிலையான பெயரை அங்கே நூற்றாண்டு பின்னால் தேடுவது வீண். தந்தையின் முதற்பெயர் வழியே நடக்க வேண்டும். யூதக் குடும்பங்களுக்கு நிலையான பெயர் சட்டத்தால் வந்தது: ஹாப்ஸ்பர்க் நாடுகளில் 1787, பாடனில் 1809, ப்ரஷ்யாவில் 1812, பவேரியாவில் 1813. அண்மைக்காலத்திலும் கவனம் வேண்டும். 1976-க்குப் பிறகு மணந்த தம்பதி மனைவி பெயரைக் குடும்பப் பெயராகத் தேர்ந்திருக்கலாம். ஆக உங்கள் பெயர் தாய்வழியில் ஓடக்கூடும்.

8. பொருளை இப்போது தேடுங்கள்

ஊரும் மிகப் பழைய எழுத்து வடிவமும் கையில் இருந்தால்தான் அகராதி உதவும். ‘ஷ்ரேடர்’ என்ற பெயர் வடக்கில் துணி வெட்டும் தையற்காரர். திராட்சை மது விளையும் பகுதிகளில் பீப்பாயை உருட்டி ஏற்றி இறக்குபவர். ஊர் தெரியாமல் எப்படித் தீர்ப்பீர்கள்? இன்றைய சொல்லோடு ஒட்டுப் போடுவதும் வேண்டாம். ‘கூன்’ என்ற பெயரைப் பசுவோடு சேர்ப்பவர்கள் உண்டு. அது கோன்ராட் என்ற பெயரின் சுருக்கம். (தமிழில் எழுதினால் இன்னொரு வில்லங்கம் வேறு.) ‘ஸைஃபர்ட்’ சோப்பு இல்லை, ஸீக்ஃப்ரீட். ‘கீஃபர்’ அகராதியில் பைன் மரம். பெயராக வந்தால் பெரும்பாலும் மேலே பார்த்த பீப்பாய்க்காரர் க்யூஃபர்.

‘கைஸர்’, ‘கேனிஷ்’ என்ற பெயர்கள் பேரரசர், அரசர் என்று பொருள்படுவது உண்மை. அரசரிடம் ஊழியம் செய்தவர், நாடகத்தில் அரசர் வேடம் போட்டவர், மிடுக்காக நடந்து பட்டப்பெயர் வாங்கியவர் எல்லாம் இந்தப் பெயரோடு அலைந்தார்கள். பெயருக்கு முன் ‘ஃபோன்’ (von) இருந்தால் பிரபு என்பதும் கிடையாது. வடமேற்கில் ‘ஃபோன் டேர் ஹைடெ’ என்றால் புதர்க்காட்டுப் பக்கத்து வீட்டுக்காரர், அவ்வளவுதான்.

சில பெயர்களில் நேர்ப்பொருள் பளிச்சென்று தெரிந்தும் காரணம் தெரியாது. 1706-ல் தரங்கம்பாடிக்கு வந்த சீகன்பால்கு, சாக்ஸனியின் புல்ஸ்னிட்ஸ் ஊர்க்காரர். ‘ட்ஸீகன்’ வெள்ளாடு, ‘பால்க்’ தோல்: ஆட்டுத்தோல். முதலில் அப்படி அழைக்கப்பட்டவர் தோல் பதனிட்டாரா, விற்றாரா, அல்லது ஊரார் கேலியா என்பதைப் பெயர் சொல்லாது. வரிப் பட்டியலோ குடியுரிமைப் பேரேடோ சொன்னால் உண்டு.

குடும்பச் சின்னம் விற்கும் கடைகளில் பணம் போடாதீர்கள். சின்னம் ஒரு குறிப்பிட்ட வம்சக் கிளைக்கு உரியது, பெயருக்கு உரியதல்ல. உண்மையில் ஏதாவது பதிவாகியிருக்கிறதா என்று பார்க்க பெர்லினின் ‘ஹெரோல்ட்’ சங்கம் 1922 முதல் நடத்தும் சின்னப் பதிவேடு இருக்கிறது.

அகராதியில் பெயரே இல்லையென்றால் லைப்ஸிக் பல்கலைக்கழகத்தின் பெயர் ஆலோசனை மையமும் வீஸ்பாடனில் உள்ள ஜெர்மன் மொழிக் கழகமும் கட்டணத்துக்கு எழுத்து வடிவில் கருத்துரை தருகின்றன. விலையை முன்கூட்டியே எழுத்தில் கேளுங்கள். தனியார் ஆய்வாளரை அமர்த்தினால் மணிக்கு 40 முதல் 80 யூரோ வரை ஆகும். உச்சவரம்பு இத்தனை மணி என்று ஒப்பந்தத்தில் எழுதுங்கள். யாரை அணுகினாலும் அவர்களிடம் கொடுக்க ஒரு பக்கம் தயாராக இருக்கட்டும்: மிகப் பழைய பதிவின் ஆண்டு, தேவாலயம், பக்க எண், பெயர் அங்கே எழுதப்பட்ட அதே எழுத்துகளில், கூடவே அந்தப் பக்கத்தின் படம்.